படித்தது, படிக்காதது, புதியது: மெயில் குறிகளைக் கைக்குள் கொண்டுவருவது எப்படி?

நீங்கள் தொட்டே பார்க்காத மெயில் ஒன்று படித்ததாகக் காட்டும். போனில் வரிவரியாகப் படித்து முடித்தது கம்ப்யூட்டரில் இன்னும் தடித்த எழுத்தில் நிற்கும். ஆப் ஐகானின் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் 3 என்று இருக்கும். உள்ளே போய்த் தேடினால் படிக்காதது ஒன்றுகூட அகப்படாது. மெயில் பயன்படுத்தத் தொடங்கிய யாரும் இவற்றில் ஒன்றையாவது சந்திக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் 'ஏதோ கோளாறு' என்று விட்டுவிடுவார்கள்.

உண்மையில் அநேகமாகக் கோளாறு எதுவும் இருக்காது. 'படித்தது' என்பது மெயிலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான். நீங்கள் படித்தீர்களா இல்லையா என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அதற்குச் சொல்லிவைத்த ஒரு நிபந்தனை நிறைவேறியதும் குறியைப் போட்டுவிடும். அந்த நிபந்தனை என்ன, குறி எங்கே பதிவாகிறது, உங்களைத் தவிர வேறு யார் அதை மாற்ற முடியும் என்று தெரிந்துவிட்டால் மேலே சொன்ன தொல்லைகள் எல்லாவற்றையும் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

புதியது வேறு, படிக்காதது வேறு

இன்றைய ஆப்கள் பெரும்பாலும் இரண்டே நிலைகளைத்தான் காட்டுகின்றன: தடித்த எழுத்து என்றால் படிக்காதது, மெல்லிய எழுத்து என்றால் படித்தது. ஆனால் அடியில் மூன்று நிலைகள் உண்டு. இதைப் புரிந்துகொள்ள, யூனிக்ஸ் காலத்து எம்பாக்ஸ் முறையைப் பார்ப்பதுதான் நல்ல வழி.

எம்பாக்ஸில் எல்லா மெயில்களும் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு மெயிலின் தலைப்பு வரிகளிலும் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி இருக்கலாம். மெயில் வந்து விழும்போது அந்த வரியே இருக்காது. வரி இல்லை என்றால் அது புதியது. நீங்கள் மெயில் மென்பொருளைத் திறந்து, பட்டியலைப் பார்த்துவிட்டு, அந்த மெயிலைத் திறக்காமல் மூடிவிட்டால் மென்பொருள் அங்கே 'ஓ' என்ற ஓர் ஆங்கில எழுத்தை எழுதும். அது பழையது. அதாவது, வந்திருப்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் இன்னும் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் திறந்து பார்த்தால் அதோடு 'ஆர்' என்ற எழுத்தும் சேர்ந்து 'ஆர்ஓ' ஆகிவிடும். அது படித்தது. இரண்டே எழுத்துகளில் மூன்று நிலை.

எனவே 'பழையது' என்பதற்கும் மெயிலின் வயதுக்கும் சம்பந்தம் இல்லை. பத்து நிமிடம் முன்பு வந்ததுகூடப் பழையதாக இருக்கலாம். ஒரு மாதம் இன்பாக்ஸைத் திறக்காமலே இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பு வந்தது இன்னும் புதியதுதான். புதியதும் பழையதும் இரண்டுமே படிக்காதவை.

தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் இந்த வித்தியாசத்தின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். புதிதாக வந்த மெயிலுக்குத் தடித்த எழுத்தோடு ஒரு சின்ன அடையாளமும் இருக்கும். அந்த ஃபோல்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அடையாளம் போய்விடும். தடித்த எழுத்து மட்டும் நிற்கும்.

மெயில் சர்வரோடு ஆப்கள் பேசப் பயன்படும் ஐமேப் நெறிமுறையிலும் 'ரீசன்ட்' என்று ஒரு குறி இருந்தது. 2003இல் வந்த ஆர்எஃப்சி 3501 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணம்) அதற்குத் தந்த விளக்கம் இது: இந்த மெயில் வந்திருப்பதைச் சர்வர் முதன்முதலாகச் சொன்னது இந்த இணைப்பிடம்தான். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மெயில் பார்த்த காலத்துக்கு அது சரி. போன், டேப்லெட், லேப்டாப் மூன்றும் ஒரே நேரத்தில் சர்வரோடு இணைந்திருந்தால்? முந்திக்கொண்ட ஒன்றுக்கு மட்டும் அது புதியது, மற்ற இரண்டுக்கும் இல்லை. யாருக்கும் பயன்படாத தகவல். 2021இல் வந்த ஆர்எஃப்சி 9051இல் அந்தக் குறியையே எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு என்றுதான் சொல்வேன். படித்தது என்பதற்கான 'சீன்', பதில் அனுப்பியது, நட்சத்திரமிட்டது, அழிக்க வேண்டியது, வரைவு ஆகிய குறிகள் அப்படியே தொடர்கின்றன.

முதல் வேலை: உங்கள் குறி எங்கே இருக்கிறது?

அமைப்புகளைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உங்களுக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்புங்கள். அதைப் போனில் மட்டும் திறந்து படியுங்கள். ஓரிரு நிமிடம் கழித்துக் கம்ப்யூட்டரில் பாருங்கள். அங்கேயும் படித்ததாக மாறியிருந்தால் குறி சர்வரில் இருக்கிறது. மாறாமல் தடித்தே இருந்தால், ஒருமுறை 'புதிய மெயில் எடு' பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு பாப் முறையில் இணைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பாப்3 நெறிமுறையில் (1996, ஆர்எஃப்சி 1939) படித்தது, படிக்காதது என்ற பேச்சே கிடையாது. சர்வரிலிருந்து மெயிலை இறக்கிக்கொள், விருப்பமிருந்தால் அங்கே அழித்துவிடு, அதோடு சரி. எது படித்தது என்ற கணக்கை அந்தந்தக் கருவியில் உள்ள மென்பொருள் தனக்குள் வைத்துக்கொள்ளும். இரண்டு கருவிகளில் பாப் வைத்தால் இரண்டு தனிக் கணக்குகள். ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரிய வழியே இல்லை. ஐமேப்பில் குறி சர்வரிலேயே பதிவாவதால் எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி தெரியும்.

எந்த முறை என்று உறுதிப்படுத்த, மெயில் மென்பொருளின் கணக்கு அமைப்புகளில் 'இன்கமிங் சர்வர்' பகுதியைத் திறந்து போர்ட் எண்ணைப் பாருங்கள். 993 அல்லது 143 என்றால் ஐமேப். 995 அல்லது 110 என்றால் பாப்.

பாப் என்று தெரியவந்தால், அதே கணக்கை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்த்துக்கொள்வதுதான் வழி. அவசரப்பட்டுப் பழைய பாப் கணக்கை நீக்கிவிடாதீர்கள். மெயிலை இறக்கியதும் சர்வரில் அழித்துவிடும்படி அது அமைக்கப்பட்டிருந்தால், பழைய மெயில்கள் உலகத்திலேயே அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கின்றன. முதலில் ஐமேப் கணக்கில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, பழையவற்றை அதற்குள் இழுத்துப் போடுங்கள். எல்லாம் ஏறி முடிந்ததா என்று போனிலோ வெப்மெயிலிலோ பார்த்து உறுதிசெய்த பிறகு பாப் கணக்கை எடுக்கலாம்.

ஜிமெயிலில் இன்னொரு திருப்பம் உண்டு. அதன் பாப் அமைப்புகளில், வேறொரு மென்பொருள் பாப் வழியாக மெயிலை எடுத்ததும் ஜிமெயிலில் உள்ள பிரதியை என்ன செய்வது என்று ஒரு கேள்வி இருக்கும். அதில் 'படித்ததாகக் குறி' என்பதும் ஒரு தேர்வு. யாரோ எப்போதோ அதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், வீட்டுக் கம்ப்யூட்டர் மெயிலை இறக்கிய நொடியில் போனில் எல்லாம் படித்ததாகிவிடும். 'நான் திறக்கவே இல்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இங்கே ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது: குறி எப்போது விழ வேண்டும்?

மெயில் பட்டியலுக்குப் பக்கத்திலோ கீழேயோ மெயிலின் உள்ளடக்கத்தைக் காட்டும் பகுதிக்கு ரீடிங் பேன் அல்லது ப்ரிவ்யூ என்று பெயர். பட்டியலில் ஒரு மெயிலைச் சொடுக்கினால் அது அங்கே விரியும். விரிந்தாலே படித்ததாகிவிடுமா, சில நொடிகள் கழித்தா, இல்லை வேறு மெயிலுக்கு நகரும்போதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஓர் அமைப்பைச் சரியாக வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

தண்டர்பேர்டில் செட்டிங்ஸ், ஜெனரல் போய் 'ரீடிங் அண்ட் டிஸ்ப்ளே' பகுதியைப் பாருங்கள். தானாகப் படித்ததாகக் குறிக்கலாமா என்ற பெட்டி இருக்கும். அதன்கீழ் 'காட்டியவுடன்', 'இத்தனை நொடி காட்டிய பிறகு' என்று இரண்டு தேர்வுகள். பெட்டியையே எடுத்துவிட்டால் நீங்கள் கையால் குறிக்கும்வரை எதுவும் மாறாது.

விண்டோஸின் பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், ரீடிங் பேன் என்று போக வேண்டும். அங்கே ரீடிங் பேனில் பார்த்தால் இத்தனை நொடியில் குறிக்கலாம் என்று ஒரு தேர்வும், வேறு மெயிலுக்கு நகர்ந்ததும் குறிக்கலாம் என்று ஒரு தேர்வும் இருக்கும். இரண்டாவது எனக்குப் பிடிக்காது. அம்புக்குறி விசையைப் பிடித்துக்கொண்டு பட்டியலில் கீழே இறங்கிப் போனால், வழியில் தட்டுப்பட்டதெல்லாம் படித்ததாகிவிடுகிறது. முதல் தேர்வில் 5 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கடந்து போகும்போது குறி விழாது. உட்கார்ந்து படித்தால் விழும்.

ஜிமெயிலை உலாவியில் பார்ப்பவர்களுக்கு, ரீடிங் பேனை இயக்கியிருந்தால் மட்டும் இந்தக் கேள்வி எழும். நொடிக் கணக்கு செட்டிங்ஸில் இருக்கிறது. இயக்காவிட்டால், திறந்தால் படித்தது, திறக்காவிட்டால் இல்லை. போன் ஆப்களும் அப்படியே. ஆனால் போனில் இன்னொரு வழியாகவும் குறி விழும். அறிவிப்பு மேலே இறங்கும்போது அதிலேயே 'படித்ததாகக் குறி' பொத்தான் வைத்திருக்கும் ஆப்கள் உண்டு. பக்கத்துப் பொத்தானை அழுத்தப் போய் விரல் அதில் பட்டிருக்கலாம்.

நீங்கள் நிரல் எழுதிப் பழகுபவராக இருந்தால் இதையும் கவனியுங்கள். ஐமேப்பில் ஒரு மெயிலின் உடலை நேரடியாகக் கேட்டால், சர்வர் அதைக் கொடுக்கும்போதே 'சீன்' குறியையும் போட்டுவிடும். குறி விழாமல் எட்டிப் பார்க்க 'பீக்' என்று தனியாக ஒரு சொல் சேர்த்துக் கேட்க வேண்டும். மெயில் ஆப்கள் வழக்கமாகப் பீக் வழியாக எடுத்து வைத்துக்கொண்டு, குறியைப் பிறகு தாங்களே போடுகின்றன. ஆனால் பைத்தானின் ஐமேப்லிப் வைத்துத் தொடக்க உதாரணங்களைப் பார்த்து எழுதும் ஸ்கிரிப்ட்கள் பீக் இல்லாமல் கேட்பது சகஜம். ஒரு தடவை ஓட்டினால் மொத்த இன்பாக்ஸும் படித்ததாகிவிடும். பீக் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும்போதே 'படிக்க மட்டும்' என்று சொல்லித் திறந்துவிடுங்கள். அப்புறம் என்ன கேட்டாலும் குறி மாறாது.

கையால் மாற்றுவது

ஒரு மெயிலைத் தவறிப்போய்த் திறந்துவிட்டால் திரும்பப் படிக்காததாக்க எல்லா ஆப்களிலும் வழி உண்டு. ஜிமெயிலில் ஷிப்ட்டோடு ஐ அழுத்தினால் படித்தது, ஷிப்ட்டோடு யு அழுத்தினால் படிக்காதது. ஆனால் விசைப்பலகைக் குறுக்குவழிகளை முதலில் செட்டிங்ஸில் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. விண்டோஸ் அவுட்லுக்கில் கன்ட்ரோலும் க்யூவும் படித்தது, கன்ட்ரோலும் யுவும் படிக்காதது. தண்டர்பேர்டில் எம் ஒன்றே போதும். ஒருமுறை அழுத்தினால் மாறும், மறுபடி அழுத்தினால் திரும்பும். மேக்கின் மெயிலில் ஷிப்ட், கமாண்ட், யு. போன்களில் மெயிலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் உறை வடிவ ஐகான் வரும். ஐபோனின் மெயில் ஆப்பில் இடமிருந்து வலமாகத் தள்ளினாலே போதும்.

ஒரே தலைப்பில் போய்வந்த மெயில்களை ஒரு தொடராகக் கட்டிக் காட்டும் ஆப்களில் கொஞ்சம் கவனம் தேவை. இருபது மெயில் உள்ள தொடரில் ஒன்று படிக்காமல் இருந்தாலும் பட்டியலில் மொத்தத் தொடரும் தடித்துத் தெரியும். பட்டியலில் இருந்தபடி படிக்காததாகக் குறித்தால் தொடர் முழுவதும் பாதிக்கப்படும். ஜிமெயிலில் கடைசி இரண்டு மெயில் மட்டும் படிக்காததாக வேண்டும் என்றால், தொடரைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'இங்கிருந்து படிக்காததாகக் குறி' என்பதைத் தேர்வுசெய்ய வேண்டும்.

படிக்காததை ஞாபகக் குறியாக வைக்கலாமா?

'அப்புறம் பதில் போட வேண்டும்' என்று நினைத்து, படித்த மெயிலைத் திரும்பப் படிக்காததாக்கி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம் என்பேன். மேலே பார்த்ததையெல்லாம் யோசித்துப் பாருங்கள். ரீடிங் பேன், பாப் அமைப்பு, அறிவிப்புப் பொத்தான், ஒரு ஸ்கிரிப்ட் என்று இந்தக் குறியை உங்களைக் கேட்காமலே மாற்றக்கூடிய கைகள் எத்தனை! நட்சத்திரமோ கொடியோ அப்படி அல்ல. நீங்கள் போட்டால் ஒழிய விழாது, எடுத்தால் ஒழிய போகாது. அதுவும் ஐமேப்பில் சர்வரிலேயே பதிவாகும் குறிதான், எல்லாக் கருவியிலும் தெரியும். பதில் போட வேண்டியதற்கு நட்சத்திரம் போடுங்கள். படிக்காதது என்பதை அதன் நேர்ப்பொருளுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

சேர்ந்துபோன குவியலை அள்ளுவது

சிலருடைய இன்பாக்ஸில் படிக்காதவை ஆயிரக்கணக்கில் நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து தீராது. மொத்தமாகக் குறித்துவிடலாம், ஆனால் அதைப் பின்வாங்குவது கடினம். குறித்த பிறகு எது முன்பு படிக்காமல் இருந்தது என்று சொல்ல எந்தத் தடயமும் மிஞ்சாது. எனவே முதலில் கண்ணை ஓட்டி, வேண்டியவற்றுக்கு நட்சத்திரம் போட்டுவிடுங்கள். பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.

ஜிமெயிலில் தேடல் பெட்டியில் 'இஸ்:அன்ரெட்' என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். ஒரு தேதிக்கு முந்தையது மட்டும் போதும் என்றால் கூடவே 'பிஃபோர்:2024/01/01' என்பதுபோல் சேர்க்கலாம். மேலே உள்ள கட்டத்தைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்தில் உள்ளவை மட்டும்தான் தேர்வாகும்; மாற்றாமல் விட்டால் ஒரு பக்கத்துக்கு 50. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கட்டத்தைச் சொடுக்கியதும் பட்டியலுக்கு மேலே, இந்தத் தேடலில் வந்த எல்லாவற்றையும் தேர்வுசெய்யலாமா என்று ஒரு வரி தோன்றும். அதைச் சொடுக்கிய பிறகு 'படித்ததாகக் குறி' கொடுங்கள். இதைக் கம்ப்யூட்டரில், உலாவியில் செய்யுங்கள். போன் ஆப்பில் மல்லுக்கட்ட வேண்டாம்.

அவுட்லுக்கில் ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு, 'எல்லாவற்றையும் படித்ததாகக் குறி'. தண்டர்பேர்டில் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட்டோடு சி. ஷிப்ட் இல்லாமல் சி மட்டும் அழுத்தினால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று கேட்கும். அது இன்னும் வசதி.

குவியல் மறுபடி சேராமல் இருக்க, தானியங்கி அறிவிப்புகளுக்கு ஒரு ஃபில்டர் போட்டு வந்தவுடனே படித்ததாகக் குறிக்கச் சொல்லலாம். பணம் கட்டிய ரசீது, 'உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது' வகையறாவுக்கு இது பொருத்தம். அனுப்புநர் முகவரியை முழுதாகக் கொடுத்து ஃபில்டர் போடுங்கள். 'ரசீது' என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால், நண்பர் ஒருவர் ரசீது கேட்டு எழுதிய மெயிலும் சத்தமில்லாமல் படித்த வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.

சிவப்பு வட்டத்தில் 3, உள்ளே ஒன்றும் இல்லை

படிக்காதது எங்கேயோ இருக்கிறது, நீங்கள் பார்க்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். தேடும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இன்பாக்ஸைத் தாண்டி எல்லா ஃபோல்டர்களிலும் படிக்காதவற்றைத் தேடுங்கள்; ஜிமெயில் என்றால் 'ஆல் மெயில்'. அங்கே மெயிலைத் திறக்காமலே ஆர்க்கைவ் செய்தால் அது படிக்காத நிலையிலேயே உள்ளே போய்விடும், இன்பாக்ஸில் தெரியாது. அடுத்து ப்ரமோஷன்ஸ், சோஷியல் போன்ற தாவல்கள். பிறகு ஃபில்டர்கள் மெயிலைத் தள்ளிவிடும் ஃபோல்டர்கள். போனில் இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் வட்டத்தில் இருப்பது கூட்டுத்தொகையாக இருக்கலாம்; நீங்கள் பார்ப்பது ஒரு கணக்கை மட்டும்.

எங்கேயும் இல்லை என்றால் எண்ணிக்கையே தப்பு. மெயில் மென்பொருள்கள் ஒவ்வொரு முறையும் எல்லா மெயிலையும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சுருக்கக் கோப்பில் கணக்கு எழுதி வைத்து அதிலிருந்து காட்டுகின்றன. அந்தக் கோப்பு கெட்டுப்போனால் எண் நகராமல் நிற்கும். தண்டர்பேர்டில் ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கிட்டு, ப்ராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுத்தால் அந்தச் சுருக்கத்தை மறுபடி எழுதிக்கொள்ளும். போன் ஆப்களில் கணக்கை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்ப்பது பலன் தரும். ஐமேப் கணக்கு என்றால் மெயில் சர்வரில் இருக்கிறது, பயம் வேண்டாம்.

திறக்காதது படித்ததாகத் தெரிந்தால்

பெரும்பாலும் உங்கள் இன்னொரு கருவிதான் காரணமாக இருக்கும். வீட்டில் திறந்தபடி விட்ட லேப்டாப், பையில் கிடந்து தானாகத் தட்டுப்பட்ட போன். அதன் பிறகு ஃபில்டர்கள், பாப் அமைப்பு, மெயில் பெட்டிக்குள் அனுமதி கொடுத்துவைத்த வெளி ஆப்கள் என்று பாருங்கள். இவை எதுவும் இல்லை என்றால் வேறொருவர் உள்ளே வந்திருக்கலாம் என்று யோசிக்க வேண்டியதுதான். ஜிமெயிலில் கம்ப்யூட்டர் திரையின் அடியில் வலப்பக்கம் 'டீடெய்ல்ஸ்' என்ற இணைப்பு உண்டு. கடைசியாக எங்கிருந்து, எந்த வழியாகக் கணக்கு திறக்கப்பட்டது என்று அது காட்டும். சந்தேகம் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். படிக்காமல் தடித்து நிற்கிறதே, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றும் நம்பிவிடக் கூடாது. பார்த்துவிட்டுப் படிக்காததாக மாற்றிவைக்க ஒரு சொடுக்கு போதும்.

அனுப்பியவருக்கு இது தெரியுமா?

தெரியாது. 'சீன்' குறி உங்கள் பெட்டிக்குள் மட்டும் வாழ்கிறது, அனுப்பியவரிடம் போவதில்லை. அவருக்குத் தெரியவருவது வேறு இரண்டு வழிகளில். ஒன்று, ரீட் ரிசீட். அனுப்பும்போதே அவர் அதைக் கேட்டிருந்தால், உங்கள் மென்பொருள் தனியாக ஒரு பதில் மெயில் அனுப்பும். பல மென்பொருள்கள் அனுப்பலாமா என்று உங்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்யும், மறுக்கலாம். இன்னொன்று, மெயிலுக்குள் ஒளித்துவைத்த கண்ணுக்குத் தெரியாத சின்னப் படம். அந்தப் படம் சர்வரிலிருந்து இறங்கும்போது 'திறந்தாயிற்று' என்று அவர்கள் கணக்கு எழுதிக்கொள்வார்கள். 2021இல் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் கொண்டுவந்த பாதுகாப்பு வசதியை இயக்கினால், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும், அதனால் அந்தக் கணக்கு குழம்பிப்போகும். மற்ற ஆப்களில் படங்களைத் தானாக இறக்காதே என்று அமைத்துவிடலாம். எப்படியானாலும், படித்து முடித்த மெயிலைப் படிக்காததாக மாற்றுவதால் போன ரிசீட் திரும்பி வராது.

பலர் பார்க்கும் ஒரே பெட்டி

அலுவலகங்களில் ஒரே பொது முகவரியை நாலைந்து பேர் பார்ப்பார்கள். அங்கே வழக்கமாக எல்லோருக்கும் சேர்த்து ஒரே குறிதான். ஒருவர் திறந்தால் மற்ற எல்லோருக்கும் படித்ததாகிவிடும். 'யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்' என்று எல்லோரும் நினைக்க, வாடிக்கையாளருக்கு யாருமே பதில் போட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பெட்டியில் படித்த குறியைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். எடுத்துக்கொண்டவர் தன் பெயரில் ஒரு வண்ண வகையோ லேபிளோ போட வேண்டும், முடித்ததும் தனி ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு குறி வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது: மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் பொது ஃபோல்டர்களிலும், டவ்காட் என்ற ஐமேப் சர்வரின் பகிர்ந்த ஃபோல்டர்களிலும் அப்படி அமைக்கலாம். உங்கள் சர்வர் நிர்வாகியிடம் கேளுங்கள்.

டெர்மினலில் மெயில் பார்ப்பவர்களுக்கு

கட்டளைத் திரையில் ஓடும் 'மட்' என்ற மெயில் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, நேற்று 'என்' என்ற ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் இன்று ஏன் 'ஓ' வந்துவிட்டது என்பதுதான். 'என்' புதியது, 'ஓ' பழையது, எழுத்தே இல்லாவிட்டால் படித்தது. நீங்கள் திறக்காமல் வெளியேறியதும் மட் அதைப் பழையதாக்கிவிடுகிறது. வேண்டாம் என்றால் உங்கள் அமைப்புக் கோப்பில் 'மார்க் ஓல்டு' என்ற மாறியை 'நோ' என்று வையுங்கள். ஆனால் அதை அப்படியே விட்டுவைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது: போன தடவைக்குப் பிறகு வந்தவை எவை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். படிக்காதவற்றை மட்டும் பார்க்க, எல் அழுத்தி அலைக்கோட்டுக் குறியும் பெரிய யுவும் கொடுங்கள். புதியது, பழையது இரண்டும் வரும். யுவுக்குப் பதில் பெரிய 'என்' எழுத்தைக் கொடுத்தால் புதியவை மட்டும்.

மெயில்டிர் முறையில் சேமிப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். க்யூமெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளுக்காக டேனியல் பெர்ன்ஸ்டைன் உருவாக்கிய இந்த முறையில் ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு. வந்த மெயில் 'நியூ' என்ற ஃபோல்டரில் விழும். மென்பொருள் பார்த்ததும் அதை 'கர்' என்ற ஃபோல்டருக்கு நகர்த்தி, கோப்புப் பெயரின் கடைசியில் முக்காற்புள்ளி, 2, காற்புள்ளி என்று சேர்க்கும். நீங்கள் படித்ததும் அதன் பின்னால் ஓர் எஸ் வரும். பதில் போட்டால் ஆர், கொடியிட்டால் எஃப். அதாவது 'நியூ'வில் இருந்தால் புதியது, 'கர்'ரில் எஸ் இல்லாமல் இருந்தால் பழையது, எஸ் இருந்தால் படித்தது. கோப்பின் பெயரை மாற்றி அந்த எஸ்ஸை எடுத்துவிட்டால் மெயில் திரும்பவும் படிக்காததாகிவிடும்.

எம்பாக்ஸில் சேமித்துவிட்டு, புதிய மெயில் வந்தாலும் மட் சொல்வதில்லை என்று தவிப்பவர்கள் டிஸ்க் எப்படி மவுன்ட் ஆகியிருக்கிறது (அதாவது, எந்தத் தேர்வுகளோடு இயங்குதளத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது) என்று பாருங்கள். கோப்பு கடைசியாக மாறிய நேரம், கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் புதிய மெயில் வந்திருக்கிறது என்பதுதான் அங்கே வழக்கமான கணக்கு. 'நோஏடைம்' என்று மவுன்ட் செய்திருந்தால் படிக்கப்பட்ட நேரம் பதிவாகவே ஆகாது, கணக்கு தப்பிப்போகும். அதை 'ரெல்ஏடைம்' என்று மாற்றுங்கள். லினக்ஸின் மவுன்ட் கையேட்டில் இந்தத் தேர்வை விளக்கும் இடத்தில், நோஏடைம் போலத்தான், ஆனால் இது 'மட்' மென்பொருளைக் கெடுக்காது என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள்.